வீடு காலி செய்யும் நாள்

அன்பர்கள் ஆலயத்துக்கு எழுதிவைத்த வீடுகளையும் கடைவீடுகளையும் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் நித்திய பூசை, அன்னதானம், மாணவர் கல்வி உதவி ஆகியவற்றை நடத்துவது பினாங்கில் நெடுங்கால வழக்கம். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் சொந்தமாக ஒரு வாடகை வீடு இருக்கக்கூடும். ஆள் சேர்ப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். குடியிருந்தவர் வெளியேறும் நாளைப் பற்றிப் பேசுவதில்லை. மனக்கசப்பு பெரும்பாலும் அந்த நாளில்தான் பிறக்கிறது.

பள்ளியாசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், எங்கள் ஆலயச் செயலவையில் வாடகை வீடுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றேன். 2015-இல் ஒரு குடும்பத்தினர் ஆறு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்தனர். கூரைப்பலகையில் கறை, சமையற்கட்டுத் தரையில் விரிசல். நான் முன்பணத்தில் 600 வெள்ளியைப் பிடித்துக்கொண்டேன். “நாங்க வரும்போதே அது இருந்துச்சு சார்” என்றார் அவர். நான் நம்பவில்லை.

நான்கு மாதங்கள் கழித்துப் பழைய கோப்புகளை அடுக்கியபோது அவருடைய கடிதம் கிடைத்தது. குடிவந்த வாரத்திலேயே கறையையும் விரிசலையும் குறிப்பிட்டு எழுதியிருந்தார். பெற்றுக்கொண்டதற்கு ஆலய முத்திரையும் இருந்தது. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதாதே என்று ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொன்னவன், கோப்பைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அன்று நான் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம். பழைய வீடுகளுக்கு இருந்த 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. ‘இனி வீடு நம் கையில், பூட்டை மாற்றிவிடலாம்’ என்று எண்ணியவர்கள் உண்டு, இன்றும் உண்டு. அது தவறு. தவணை முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்று 1950 ஆம் ஆண்டு ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 7(2) பிரிவு கூறுகிறது. பூட்டை மாற்றி அவரை வெளியே நிறுத்துவது இதற்கு மாறானது. காலங்கடந்து தங்குபவரிடம் இரட்டை வாடகை கேட்க, 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவு இடமளிக்கிறது. அவசரப்படுபவருக்குச் சட்டம் உதவாது; பொறுமையாக வழக்கறிஞரை நாடுபவருக்கே உதவும்.

இரண்டாவது, குடிவரும் நாள். வெளியேறும் நாளின் வேலை அன்றே தொடங்குகிறது. ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, உள்ள குறைகளைப் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே பட்டியலைக் கையில் வைத்து, அவரையும் உடன் அழைத்துச் சுற்றிப் பாருங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களின் எண்களை அவர் முன்னிலையிலேயே படம் எடுங்கள். சாவிகளை எண்ணி வாங்கியபின், அவருடைய புதிய முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு அனுப்ப அது தேவைப்படும்.

மூன்றாவது, தேய்மானம் வேறு, சேதம் வேறு. சாயம் மங்குவது, வாசற்படி தேய்வது, சமையற்கட்டுச் சுவரில் தாளிப்புப் புகை படிவது ஆகியவை குடியிருப்பின் இயல்பு. அதற்காகவும்தான் வாடகை வாங்குகிறோம். உடைந்த கைகழுவும் தொட்டி, பெயர்க்கப்பட்ட கதவு ஆகியவை சேதம். இவற்றுக்கு மட்டுமே பணம் பிடிக்கலாம். அதுவும் பழுது பார்த்தவரின் ரசீதுடன்.

நான்காவது, முன்பணம். இரண்டு மாத வாடகையும், மின்சாரம் தண்ணீருக்காக அரை மாத வாடகையும் வாங்குவது இங்குள்ள வழக்கம். மாத வாடகை 900 வெள்ளி என்றால் நம்மிடம் இருப்பது 2,250 வெள்ளி. கடைசிப் பில்கள் 117 வெள்ளி, தொட்டி மாற்றிய செலவு 160 வெள்ளி என்றால், திருப்பித் தரவேண்டியது 1,973 வெள்ளி. இதை ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு அனுப்பினால் பேச்சுக்கே இடமில்லை. எத்தனை நாளில் தருவோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் வரவு அன்று. திருப்பித் தரவேண்டிய கடன். அதைத் தனிக்கணக்கில் வையுங்கள். திருவிழாச் செலவுக்கு அதில் கைவைத்துவிட்டு, பிறகு சுவரில் குறை தேடுவது அறமாகாது.

ஐந்தாவது, விட்டுச்சென்ற பொருள்கள். உடனே வீசிவிடாதீர்கள். சாட்சி ஒருவர் முன்னிலையில் பட்டியலிட்டு, எடுத்துச்செல்லுமாறு தேதி குறித்து எழுத்து மூலம் தெரிவியுங்கள். சுவாமி படங்கள் கிடந்தால் குப்பையில் சேர்க்காமல் ஆலயத்தில் ஒப்படையுங்கள்.

கடிதம் கிடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையே தலைவரும் நானும் 600 வெள்ளியுடன் பட்டர்வொர்த்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். கடிதத்தை அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். “காசு பெருசில்ல சார். கோயிலே எங்களப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு. வீட்டுல அப்புறம் அந்தப் பக்கமே வரல” என்றார். அவர் துணைவியார் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். ஆலயத்துக்கு வருவதாக அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அன்பர்களே, ஆலயச் சொத்தில் ஒரு காசும் வீணாகக் கூடாது என்று நாம் கவலைப்படுவது நியாயம். அதே அளவு கவலை, பிறர் காசு ஒன்றும் ஆலயக் கணக்கில் தங்கிவிடக் கூடாது என்பதிலும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே அறப்பணி. சாவியை வாங்கும் கையாலேயே முன்பணக் கணக்கையும் நேர்மையாகத் தீர்க்க இறைவன் நமக்கு அருள்புரிவானாக.