வரைபடம் வெட்டாக மாற: சிஎன்சி மென்பொருள் வாங்கும் முன்



நமது பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் பெற்று, மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் வாங்கிய ஒரு சகோதரரின் பட்டறை சென்ற ஆண்டு இரண்டு மாதம் முடங்கிக் கிடந்தது. இயந்திரத்தில் பழுதில்லை. விற்றவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த 'கிராக்' மென்பொருள் ஒருநாள் திறக்கவில்லை. விற்றவரும் போனை எடுக்கவில்லை. தவணை மட்டும் நிற்காமல் வந்தது. கடன் கொடுக்கும்போது இயந்திரத்தின் விலையைத் துருவி விசாரித்த நாம், மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தவறு நம்முடையதும்தான். ஆகவே இந்தத் தொழிலில் உள்ளவர்களிடம் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

இயந்திரத்துக்குப் படம் புரியாது. 'இந்த இடத்துக்குப் போ, இவ்வளவு ஆழம் இறங்கு, இந்த வேகத்தில் வெட்டு' என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும். அந்த வரிகளே ஜி-கோட். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர்தல். ஜி1 என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல்லுதல். வரைபடத்தை இப்படி மாற்றித் தருவதுதான் கேம் மென்பொருளின் வேலை. ஜி21 மில்லிமீட்டர், ஜி20 அங்குலம். இது மாறிப்போனால் அளவு 25.4 மடங்கு பிசகும். பலகையோடு கட்டரும் போகும்.

முதலில் கேட்க வேண்டியது மென்பொருளின் பெயரை அல்ல, உங்கள் இயந்திரத்தின் கன்ட்ரோலர் எது என்பதை. மாக்3, ஜிஆர்பிஎல், கையில் பிடிக்கும் டிஎஸ்பி என்று ஒவ்வொன்றும் கோடை ஒவ்வொரு விதமாக எதிர்பார்க்கும். அதற்கேற்ற 'போஸ்ட் பிராசஸர்' இல்லாத மென்பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

செலவில்லாமல் தொடங்க ஃப்ரீகேட் இருக்கிறது. முற்றிலும் இலவசம், சம்பாதிக்கும் தொழிலுக்கும் தடையில்லை. பழகச் சில வாரங்கள் பொறுமை வேண்டும். ஃபியூஷனின் இலவசப் பதிப்பு வணிகம் அல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே; அதை வைத்துக் கூலி வேலை செய்வது நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறுவதாகும். கதவு, பூவேலை செய்வோருக்கு எளிதானது விகார்வ். ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆனால் அதன் டெஸ்க்டாப் பதிப்பு சுமார் இரண்டடிச் சதுரத்துக்கு மேல் ஒரே வேலையாகச் செய்யாது; முழுக் கதவுக்குப் புரோ பதிப்பே வசதி. சோதனைப் பதிப்பு சொந்த வேலைக்குக் கோடு தராது என்றாலும் பழகிப் பார்க்கப் போதும். ஆர்ட்கேம் விற்பனை 2018-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 'புது ஆர்ட்கேம்' என்று யாராவது தந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கிராக் விஷயத்தில் 'எல்லோரும்தானே போடுகிறார்கள்' என்பார்கள். 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்துள்ளது. ஹலாலான வருமானத்துக்காகத்தானே கடனே தருகிறோம்!

நம் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ஆர்டர் அரபி எழுத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. பல கேம் மென்பொருள்களில் நேரடியாகத் தட்டினால் எழுத்துகள் பிரிந்தோ திரும்பியோ விழும். இங்க்ஸ்கேப்பில் எழுதி, 'பாத்' ஆக மாற்றி, 'யூனியன்' கொடுத்து ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டு விழும். ஆயத்தாக இருந்தால் கோடு எடுக்கும் முன் ஒரு ஆலிமிடம் காட்டிவிடுங்கள். ஒரு நுக்தா விட்டுப்போனாலும் சொல்லே மாறிவிடும். 6 மி.மீ. கட்டரால் உள்மூலைகள் கூர்மையாக வராது, 3 மி.மீ. ஆரத்துக்கு வளைந்தே நிற்கும். சிறு புள்ளிகளுக்கு 'வி' கட்டரே ஏற்றது.

எந்தக் கோடையும் முதலில் திரையில் ஓட்டிப் பாருங்கள். கேமோடிக்ஸ் என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே உள்ளது. பிறகு தெர்மாகோலில் ஒரு முறை. அதன்பின் தேக்கு.

இனி இயந்திரக் கடன் விண்ணப்பத்தில் கன்ட்ரோலரின் பெயர், மென்பொருளின் பெயர், லைசென்ஸ் விலை மூன்றையும் எழுத வேண்டும். லைசென்ஸ் தொகையையும் கடனில் சேர்த்துத் தர நிர்வாகக் குழு இசைந்துள்ளது, அல்ஹம்துலில்லாஹ்.