முள் சொல்வது மெய்யா?

கொல்கத்தா நகரம். நள்ளிரவு நேரம். ஹவுரா பாலத்தின் மேல் ஒரு மஞ்சள் டாக்சி போய்க்கொண்டிருந்தது. அது பழைய அம்பாசிடர் கார். பின் சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார்.

திடீரென்று வண்டி குலுங்கியது. இன்ஜின் நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு, தாதா?" என்று மாமியார் பதறினார். வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன்.

ஓட்டுநர் டீசல் முள்ளைப் பார்த்தார். அது பாதியில் நின்றது.

"பாதி டேங்க் இருக்கிறதே அம்மா!" என்றார்.

ஆனால் டேங்கில் டீசல் இல்லை. முள் பொய் சொல்லிவிட்டது.

நல்ல வேளை. பின்னால் வந்த டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தினார். இருவரையும் ஏற்றிக்கொண்டார். நேரத்தோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வராமல் இருந்திருந்தால்?

அம்பாசிடர் கார் கொல்கத்தாவுக்கு அருகில் உள்ள உத்தரபாராவில் செய்யப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. அதனால் இன்று ஓடும் அம்பாசிடர் எல்லாம் பழைய வண்டிதான். பழைய கார்களில் இந்த முள் கோளாறு அடிக்கடி வரும். அது ஏன்?

முள் எப்படி வேலை செய்கிறது?

கிணற்றில் ஒரு கட்டையைப் போடுங்கள். தண்ணீர் ஏறினால் கட்டையும் ஏறும். தண்ணீர் இறங்கினால் கட்டையும் இறங்கும். டேங்கிலும் அப்படித்தான். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு கம்பியின் நுனியில் இருக்கும்.

மிதவை ஏறி இறங்கும்போது கம்பியின் மறு நுனி ஒரு சின்னக் கருவியின் மேல் உரசி நகரும். அப்போது வயரில் ஓடும் மின்சாரம் கூடும் அல்லது குறையும். அந்த வயர் டாஷ்போர்டில் உள்ள மீட்டருக்கு வருகிறது. மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப முள் நகரும்.

ஆகவே கோளாறு மூன்று இடத்தில் வரலாம். ஒன்று டேங்க். இரண்டு வயர். மூன்று மீட்டர்.

கோளாறை எப்படி அறிவது?

1. டேங்கை நிரப்பிய பிறகும் முள் கீழேயே இருக்கிறதா? மிதவை ஓட்டையாகி இருக்கலாம். உள்ளே எண்ணெய் புகுந்தால் மிதவை மூழ்கிவிடும்.

2. எவ்வளவு ஓடினாலும் முள் ஒரே இடத்தில் நிற்கிறதா? மிதவையின் கம்பி சிக்கியிருக்கலாம். அந்த டாக்சியில் நடந்தது இதுதான். கம்பி துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டது.

3. முள் துள்ளித் துள்ளி ஆடுகிறதா? கம்பி உரசும் இடம் தேய்ந்திருக்கலாம். வயர் தளர்ந்தும் இருக்கலாம்.

4. எண்ணெய் முள்ளும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டுகின்றனவா? பல பழைய கார்களில் இரண்டு மீட்டருக்கும் ஒரே சின்னப் பெட்டியிலிருந்து மின்சாரம் போகிறது. மின்சாரத்தைச் சீராக்குவது அந்தப் பெட்டியின் வேலை. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேட்டில் வண்டி நின்றால் முள் சற்று மாறும். சாவி போட்டவுடன் சில வண்டிகளில் முள் மெதுவாகத்தான் ஏறும். இவை கோளாறு அல்ல.

எங்கே தொடங்குவது?

செலவு குறைந்த இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் ஃபியூஸ், வயர் முனைகள், எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டேங்கில் உள்ள கருவிக்கு எர்த் சரியாகக் கிடைக்க வேண்டும். அந்த இடத்தில் துரு இருந்தால் முள் தப்பாகக் காட்டும். துருவைச் சுரண்டி முறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்த சோதனையை ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். டேங்கிலிருந்து வரும் வயரை அவர் கழற்றுவார். முள் ஒரு கோடிக்குப் போகும். வயரைச் சில நொடி மட்டும் எர்த்தில் தொடுவார். முள் மறு கோடிக்குப் போகும். எந்தக் கோடி என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நன்றாக உள்ளன. கோளாறு டேங்கில்தான். முள் அசையவில்லை என்றால் வயரிலோ மீட்டரிலோ கோளாறு.

இதை நீங்களே செய்யாதீர்கள். வயர் தொடும்போது தீப்பொறி வரலாம்.

இவற்றைச் செய்யவே கூடாது

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்தாதீர்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றை விடக் கனமானது. தரையோடு படர்ந்து நிற்கும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது.

குழாயை வாயில் வைத்து எண்ணெயை உறிஞ்சாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

டீசல் வண்டியை வற்றும் வரை ஓட்டாதீர்கள். குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் உடனே ஓடாது. காற்றை வெளியேற்ற வேண்டும்.

முள் சரியாகும் வரை என்ன செய்வது?

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

டேங்கை முழுதாக நிரப்புங்கள். அப்போது கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதுங்கள். 52,300 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த முறை நிரப்பும்போது 52,540 காட்டுகிறது. டேங்க் நிரம்ப 20 லிட்டர் பிடித்தது.

ஓடிய தூரம்: 52,540 - 52,300 = 240 கிலோமீட்டர்.

ஒரு லிட்டருக்கு: 240 ÷ 20 = 12 கிலோமீட்டர்.

இனி 20 லிட்டர் ஊற்றினால் 240 கிலோமீட்டர் ஓடும் என்று தெரியும். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். 5 லிட்டரைக் கையிருப்பாக விடுங்கள். மீதி 15 லிட்டர். 15 × 12 = 180. ஆகவே 180 கிலோமீட்டர் ஆனதும் பங்கில் நிறுத்துங்கள். நெரிசலில் ஓடும் நாளில் இன்னும் முன்பே நிறுத்துங்கள்.

அந்த டாக்சிக்காரர் மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். டேங்கில் இருந்த கருவியை மாற்றினார்கள். இப்போது முள் சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் அவர் சட்டைப் பையில் ஒரு நோட்டு இருக்கிறது. டீசல் போடும்போதெல்லாம் எழுதுகிறார்.

"முள் மறுபடியும் பொய் சொல்லலாம். என் கணக்கு என் கையில் இருக்கிறது" என்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது வண்டி ஓட்டுகிறார்களா? இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள்.