ஒரு தகவலுக்கு ஓர் இடம்

ஒரு கிளை நூலகத்தின் இரவல் நோட்டை அப்படியே கணினியில் ஏற்றினால் என்ன ஆகும்? உறுப்பினர் பெயர், முகவரி, புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எடுத்த தேதி, திருப்பிய தேதி என ஒரே அட்டவணை. முதல் மாதம் குறை எதுவும் தெரியாது. பிறகு ஓர் உறுப்பினர் வீடு மாறுகிறார். அவர் 40 முறை புத்தகம் எடுத்திருந்தால் பழைய முகவரி 40 வரிகளில் இருக்கும். 38 வரிகளைத் திருத்தி இரண்டை விட்டுவிட்டால், அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்குக் கணினியிடம் இரண்டு பதில்கள். இன்னும் யாரும் எடுக்காத புதுப் புத்தகத்தை எழுத இந்த அட்டவணையில் இடமே இல்லை. பழைய வரிகளை அழித்தாலோ, ஒரே ஒருமுறை வந்துபோன உறுப்பினரின் விவரமும் கூடவே போய்விடும்.

மூன்று கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். உறுப்பினர், புத்தகம், இரவல் ஆகிய மூன்றையும் பற்றிய செய்திகள் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் தனித்தனி அட்டவணையாக்கி, ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் முகவரி ஒரே இடத்தில் இருக்கும். இந்த எண்தான் ‘பிரைமரி கீ’. பெயரைச் சாவியாக வைக்க முடியாது; ஒரே ஊரில் எத்தனை முருகன்கள்! கைபேசி எண்ணும் மாறக்கூடியது. இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். அந்த எண் உறுப்பினர் அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்று விதித்துவிட்டால், இல்லாத எண்ணை அங்கே எழுத முயலும்போது தரவுத்தளமே மறுத்துவிடும்.

வடிவமைப்பில் கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. நூலகத்தில் ஒரே நாவலுக்கு மூன்று பிரதிகள் இருந்தால் ‘புத்தகம்’ என்ற அட்டவணையில் அது ஒரு வரியா, மூன்று வரிகளா? தலைப்பும் ஆசிரியரும் நாவலுக்குப் பொது. கிழிந்திருப்பதும் இரவல் போவதும் ஒரு பிரதி. ஆக, இரண்டு அட்டவணைகள் வேண்டும். ‘இங்கே ஒரு வரி எதைக் குறிக்கிறது?’ என்று விடாமல் கேட்பவரே நல்ல வடிவமைப்பாளர் ஆகிறார் என்பது என் எண்ணம்.

இந்தச் சிந்தனைக்குக் கணித அடித்தளம் இட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, கலிபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றியவர். அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலைக் கையாள உருவான ஐஎம்எஸ் போன்ற அன்றைய அமைப்புகளில், தகவலை அடையும் பாதையை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். சேமிப்பு முறை மாறினால் நிரலும் பழுதாகலாம். 1970 ஜூனில் வெளியான கட்டுரையில் காட் வேறு வழி காட்டினார். தகவலெல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும். கேட்பவர் எது வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். தேடும் வழியை மென்பொருள் கண்டுபிடிக்கட்டும். அன்றைய மெதுவான கணினிகளை நினைத்தால் இது பெரும் துணிச்சல். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் முன்வைத்த வினவல் மொழியே இன்றைய எஸ்க்யூஎல். காட்டுக்கு 1981இல் டூரிங் விருது கிடைத்தது.

அட்டவணைகளை அமைத்துவிட்டால் அவற்றைக் காக்கவும் வேண்டும். ஒரு பிரதியை இரவல் தரும்போது இரவல் வரி எழுதப்பட்டு, பிரதியின் நிலையை மாற்றுவதற்குள் மின்சாரம் போனால் கணக்கு அரைகுறையாக நிற்கும். இரண்டையும் ஒரே ‘டிரான்சாக்‌ஷன்’ ஆக்கினால் இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. அன்றாடக் காப்புப் பிரதி தனி; அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

பழகிப் பார்க்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் போதும். இலவசமானது, ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. நூலகத்தையே முதல் பயிற்சியாக எடுத்துக்கொண்டு, தாமத அபராதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 1 ரூபாயாக இருந்த அபராதம் 2 ரூபாயாக உயர்ந்தால் பழைய பாக்கிகள் இரட்டிப்பாகக் கூடாது. அதற்கு எளிய வழி, ஒவ்வோர் இரவல் வரியிலும் அன்றைய விகிதத்தை எழுதிவைப்பது. பார்வைக்கு இது மறுபதிவு போலத் தோன்றும். ஆனால் இன்றைய விகிதம் நூலகத்தைப் பற்றிய தகவல். அன்றைய விகிதம் அந்த இரவலைப் பற்றிய தகவல்.