தாத்தா வீட்டுக் கதவு, பேத்தி கையில் பேனா... கடைசலில் உருவாகும் மரப் பேனா!

பழைய வீட்டை இடிக்கும்போது நிலை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் மொத்தமாக விலைபேசி லாரியில் ஏறிவிடும். ஞாபகத்துக்கு ஒரு துண்டையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை இருக்கும். எடுத்துவைத்து என்ன செய்வது? பேனா செய்யலாம்!

முக்கால் அங்குலச் சதுரத்தில், 5 அங்குல நீளக் கட்டை இருந்தால் ஒரு பேனாவுக்குப் போதும். ஊஞ்சல் பலகையின் ஓரம், உடைந்த நாற்காலியின் கால் எதுவும் உதவும். ஆனால், கடையில் வாங்கிய மரம் பிளந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் கதவில் மிஞ்சியதே ஒரு துண்டுதான் என்றால்? எந்தக் கட்டத்தில் மரம் உடையும் என்று தெரிந்துகொண்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நமக்குப் பழகிய கடைசல்

லேத் என்றதும் மிரள வேண்டாம். பம்பரம், பூரிக்கட்டை, கட்டில் கால், அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் எல்லாமே கடைசலில் பிறந்தவைதான். மரம் சுழலும், உளியைப் பிடித்த கை அதற்கு வடிவம் கொடுக்கும். பேனாவும் அப்படித்தான். ஆந்திராவின் ராஜமுந்திரியில் எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைந்து செய்த ரத்னம் பேனாவைப் பாராட்டி, 1935-ல் காந்தியே கடிதம் எழுதியிருக்கிறார்.

முதலில் மரத்தைச் சோதியுங்கள்

ஈரம் உள்ள மரம் எதிரி. பேனாவுக்குள் பித்தளைக் குழாய் இருக்கும். மரம் காயக் காயச் சுருங்கும், குழாய் சுருங்காது. விளைவு, சில வாரங்களிலேயே விரிசல். பல வருடம் காய்ந்த பழைய மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், உள்ளே பழைய ஆணி இருக்கலாம். காந்தம் வைத்துத் தேடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதன் தூசு மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

துளை போடும் இடம்தான் கண்டம்

கட்டையை இரண்டாக அறுப்பதற்கு முன் அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேனாவின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும்போது மர ரேகை தொடர்ந்து வர அந்தக் கோடுதான் உதவும்.

அடுத்து, நடுவில் 7 மி.மீ. துளை. பெரும்பாலான மரங்கள் பிளப்பது இங்கேதான். ட்ரில் மறுபக்கம் வெளியே வரும் நொடியில் அடிமரம் பெயர்ந்துவிடும். அதனால் துண்டைக் குழாயைவிடச் சற்று நீளமாக விட்டுத் துளையிட்டு, பிறகு அடிப்பகுதியை அறுத்து எடுப்பார்கள். ட்ரில்லை அடிக்கடி வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி மரம் வெடிக்கும்.

பித்தளைக் குழாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பசை நன்றாகப் பிடிக்கும். குழாயைச் சுழற்றியபடியே உள்ளே செலுத்துங்கள். பசை சேராத இடம் இருந்தால், கடையும்போது அங்கே மரம் சில்லாகப் பறந்துவிடும்.

1 மி.மீ.கூட மிஞ்சாது

இரண்டு துண்டுகளையும் ஒரு மெல்லிய இரும்புத் தண்டில் கோத்து லேத்தில் மாட்ட வேண்டும். ஓரங்களில் வரும் புஷ்தான் அளவுகோல். மரம் அந்த உயரத்துக்கு இறங்கியதும் உளியை எடுத்துவிட வேண்டும். மெல்லிய ரகப் பேனாக்களில் முனைப்பகுதியில் மிஞ்சும் மரத்தின் கனம் 1 மி.மீ.-க்கும் குறைவு! உளி கூராக இல்லாவிட்டால் இந்த இடத்தில்தான் மரம் பிய்யும். தண்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அது வளைந்து, பேனா உருண்டையாக வராது.

பிறகு 150-ல் தொடங்கி 600 வரை உப்புத்தாள். கடைசியில் லேத்தை நிறுத்திவிட்டு, ரேகை ஓடும் திசையில் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல்கள் மறையும். மேல்பூச்சுக்கு அரக்கு பாலிஷ் போதும். சூப்பர் க்ளூ பூசுவோரும் உண்டு. அதைப் பருத்தித் துணியால் தொடாதீர்கள். துணி சுடச்சுடச் சூடாகும். பேப்பர் டவல் நல்லது.

கடைசியாக முனை, கிளிப், திருகும் பாகம் ஆகியவற்றை அழுத்திப் பொருத்த வேண்டும். திருகும் பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அழுத்துங்கள். அதிகம் போனால் ரீஃபிள் முனை உள்ளே போகாது. பாகத்தைத் திரும்ப எடுப்பதும் கஷ்டம்.

இதை மறக்காதீர்கள்

* கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே பட்டியலிட்டிருக்கிறது.
* துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல், கையுறை எதுவும் லேத் பக்கத்தில் கூடாது.
* சந்தனம், செம்மரத்தை உரிய ஆவணமில்லாமல் வாங்காதீர்கள்.
* முதல் பேனாவைத் தாத்தாவின் மரத்தில் செய்யாதீர்கள். வேம்பு, பூவரசு, புளியில் மூன்று நான்கு செய்து, கை படிந்த பிறகு அதைத் தொடுங்கள். நீங்களே செய்யாமல் கடைசல்காரரிடம் கொடுத்தாலும், மாதிரிக்கு ஒரு சாதாரணக் கட்டையைச் சேர்த்தே கொடுங்கள்.
* பேனா கிட் வாங்கும்போது, அதற்கான ரீஃபிள் உங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மரம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ரீஃபிள் கிடைக்காவிட்டால் பேனாவுக்கு இடம் டிராயர்தான்!