எலிக்கு ஒரு கண்காட்சி
பேட்டை அருங்காட்சியகங்கள் – 6

1969ஆம் ஆண்டின் இறுதி. வாஷிங்டன் நகரின் தென்கிழக்கே அனகோஸ்டியா என்ற பேட்டையில், படம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு சினிமா கொட்டகை. அதற்குள் ஒரு வீட்டுப் புழக்கடையையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். குப்பையும் உடைசலுமாகக் கிடந்த அந்த இடத்தில் உயிருள்ள எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. எலி எங்கிருந்து வந்தது, கொள்ளைநோயை எப்படிப் பரப்பியது, அதை வீட்டுக்குள் அண்டவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சுற்றிலும் விளக்கங்கள். கண்காட்சிக்கு வைத்த பெயர், ‘எலி: மனிதன் அழைத்து வந்த துன்பம்’.

இதை நடத்தியது ஏதோ சுகாதாரத் துறை அல்ல. விண்கலங்களும் டைனோசர் எலும்புகளும் வைத்திருக்கும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கிளை அருங்காட்சியகம். எலியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். தேர்ந்தெடுக்க வைத்தவர்கள் அந்தப் பேட்டை ஜனங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வித்திட்டவர் ஸ்மித்சோனியனின் தலைவர் தில்லன் ரிப்ளி. பறவையியல் அறிஞர், நம் சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதியவர். நகரின் நடுவே, மால் என்கிற பெருந்திடலைச் சுற்றி அவருடைய அருங்காட்சியகங்கள் இருந்தன. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் அனகோஸ்டியா ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று 1966இல் பேசத் தொடங்கினார் ரிப்ளி. அனகோஸ்டியாவின் குடியிருப்போர் அமைப்பு ஒன்று, அப்படிப் போகும் அருங்காட்சியகத்தை எங்கள் ஊரில் வையுங்கள் என்று விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டது. கார்வர் தியேட்டரைப் பிடித்தார்கள். கட்டடத்தைச் சரிசெய்வதில் அக்கம்பக்கத்து இளைஞர்களும் கைகொடுத்தார்கள். 1967 செப்டம்பர் 15 அன்று திறப்பு விழா.

இயக்குநராக வந்தவர் ஜான் கினார்ட். வயது 30. இறையியல் படித்த போதகர், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் வேலை பார்த்தவர், ஆப்பிரிக்காவில் தொண்டு செய்துவிட்டுத் திரும்பியவர். அருங்காட்சியகம் நடத்திப் பழக்கமில்லை. ஆனால் வாஷிங்டன் அவருடைய சொந்த ஊர். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வேலைக்கு முதல் தகுதியே அதுதான் என்பது போகப்போக விளங்கியது.

முதலில் வைத்தவை பெரும்பாலும் ஆற்றுக்கு இக்கரையிலிருந்து போன சரக்குகள்தாம். ஒரு மெர்க்குரி விண்கலம், தேசிய மிருகக்காட்சி சாலை இரவல் கொடுத்த விலங்குகள், பிரித்துக் கோக்கக்கூடிய எலும்புக்கூடுகள். ஒரு மூலையில் மட்டும் 1890களில் அனகோஸ்டியாவில் இருந்த மளிகைக் கடையின் மாதிரி: வெண்ணெய் கடையும் பானை, காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், தண்ணீர் அடிக்கும் பம்பு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்து என்ன வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்க அக்கம்பக்கத்தாரைக் கொண்ட ஆலோசனைக் குழு கூடியது. கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜோரா மார்ட்டின் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார். பொருள்களைப் பள்ளிக்கூடங்களுக்கே எடுத்துப்போய்க் காட்டும் ஏற்பாடும் இருந்தது. இப்படிப் பேசப்போன இடத்தில் கிளம்பியதுதான் எலி. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு எலி பாடப்புத்தகத்து விலங்கல்ல, ராத்திரி படுக்கைக்கு வருவது. மறு ஆண்டே, அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான லார்ட்டன் சிறைச்சாலையைப் பற்றி ஒரு கண்காட்சி வந்தது. இது அருங்காட்சியகமா, சமூகக் கூடமா என்று துறை வல்லுநர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கினார்ட் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இன்றைய பிரச்சினையைப் பேசியவர்கள் பழைய கதையை விட்டுவிடவும் இல்லை. எழுபதுகளில் வந்துசேர்ந்த வரலாற்றாளர் லூயிஸ் டேனியல் ஹட்சின்சன் ஆவணங்களைத் துருவினார். முதியவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்தார். 1977இல் கண்காட்சியாகவும் புத்தகமாகவும் வந்தது ‘அனகோஸ்டியாவின் கதை’. ஏழைகளின் பேட்டை என்று மட்டுமே பேர் வாங்கியிருந்த ஊருக்கு அதில் வேறொரு முகம் இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867இல், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான அரசுத் துறை அங்கே 375 ஏக்கர் வாங்கி, ஏக்கர் ஏக்கராகப் பிரித்து, சிறு வீடு கட்ட மரத்தோடு சேர்த்து விற்றது. பேரி ஃபார்ம் என்று பெயர். வாங்கியவர்கள் பகலில் நகரத்தில் வேலை செய்துவிட்டு, பாலம் கடந்து வந்து, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் வீடு கட்டினார்கள். பக்கத்திலேயே யூனியன் டவுன்; 1854இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று பத்திரத்தில் எழுதி மனை போட்ட இடம். அந்த மனைகளைப் போட்டவர்களில் ஒருவருடைய சொந்த வீட்டையே, அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1877இல் விலைக்கு வாங்கிக் குடியேறினார்.

வெளியிலிருந்து வரும் வல்லுநருக்கும் டக்ளஸ் கிடைப்பார், அவர் பேர்பெற்றவர். லாந்தர் வெளிச்சத்தில் ஆணி அடித்தவர்களின் பேரன் பேத்திகள் கிடைக்க வேண்டுமென்றால் அங்கேயே புழங்கும் ஆள் வேண்டும்.

1987இல் அருங்காட்சியகம் ஃபோர்ட் ஸ்டான்டன் பூங்காவில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பொருள்களைப் பாதுகாக்கவும் அடுக்கவும் வசதி கூடியது. கடைத்தெருவுக்கு வந்தவர்கள் போகிறபோக்கில் நுழைந்துவிட்டுப் போகிற வசதி குறைந்தது. இரண்டே ஆண்டுகளில், 52 வயதில் கினார்ட் காலமானார். அவரைப் பற்றியும் அந்த அருங்காட்சியகத்தைப் பற்றியும் 1993இல் புத்தகம் எழுதிய இருவரில் ஒருவர், எலிக் காலத்திலிருந்து கூட இருந்த அதே ஜோரா மார்ட்டின்.

2006 முதல் அதற்கு ‘அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகம்’ என்று பெயர். 2018இல் அங்கே ‘நகரத்தின் மீதான உரிமை’ என்ற கண்காட்சி. வீடும் பள்ளிக்கூடமும் காக்கவும், நெடுஞ்சாலைக்காக வீட்டை இடிப்பதைத் தடுக்கவும் வாஷிங்டனின் ஆறு பேட்டைகள் நடத்திய போராட்டங்கள் அதில் இடம்பெற்றன. பெயரும் கட்டடமும் ஆட்களும் மாறியும், உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் அங்கே மாறவில்லை. சிறிய அருங்காட்சியகத்துக்குப் பெரிய சேகரிப்பு இல்லாதது குறையே அல்ல. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனால்தான் அது வெறும் பழைய சாமான் கிடங்கு.

அடுத்த வாரம் கேப் டவுன் நகரத்தின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி. அங்கே பேட்டையையே இடித்துவிட்டார்கள். துரத்தப்பட்டவர்களே திரும்பி வந்து, இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகளை வைத்து அருங்காட்சியகம் நடத்துகிறார்கள்.

(தொடரும்)