முழுமை நோக்குடைய மனநல மருத்துவரைக் காணச் செல்வோர்க்கு

காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லும் நாம், உள்ளம் நொந்தால் மட்டும் மாதக் கணக்கில் வாய்மூடி இருக்கின்றோம். இந்த ஐதராபாத் நகரில் 'எர்ரகட்டா' என்ற பெயரைச் சொன்னாலே நண்பர்கள் நகைப்பர். அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதே காரணம். அந்த நகைப்புக்கு அஞ்சி நானும் மூன்று மாதம் உறக்கமின்றிக் கிடந்தேன். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் எந்தக் குடுவையில் எதைச் சேர்த்தேன் என்பதே தெரியாமல் நின்றேன். அன்றுதான் மருத்துவரை நாடத் துணிந்தேன். அந்த அனுபவம் பிறர்க்கும் பயன்படலாம் என்றே இதனை எழுதுகிறேன்.

'ஹோலிஸ்டிக்' என்ற சொல்லை இன்று பல மருத்துவமனைப் பலகைகளில் காண்கிறோம். முழுமை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1926இல் இக்கருத்துக்குப் பெயரிட்டவர் தென்னாப்பிரிக்கரான ஜான் ஸ்மட்ஸ். 1977இல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோயை ஆராய வேண்டும் என்று 'சயன்ஸ்' இதழில் வாதிட்டார். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்திருக்கிறார். அந்நான்கில் மருந்து ஒன்றே. ஆயினும் அந்த ஒன்றும் விலக்கத்தக்கதன்று.

இதனை இங்கே வற்புறுத்தக் காரணம் உண்டு. முழுமை மருத்துவம் என்றால் மாத்திரையில்லா மருத்துவம் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படியே எண்ணினேன். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்பட்டம் பெற்றவரே மனநல மருத்துவர். 'முழுமை' என்பது அவர் நோக்கைக் குறிப்பதேயன்றித் தனிப் பட்டம் அன்று. ஆகவே, பலகையை மட்டும் நம்பாமல், பட்டத்தையும் பதிவையும் கேட்டறிதல் நன்று.

முதற் சந்திப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்டது. உறக்கம், பசி, குடும்பத்தில் எவர்க்கேனும் இந்நோய் உண்டா, மது, புகை, பணக்கவலை, நண்பர்கள் என அனைத்தையும் மருத்துவர் கேட்டார். உயிர்விடும் எண்ணம் வந்ததுண்டா என்றும் நேராகவே கேட்டார். இக்கேள்வியைக் கண்டு அஞ்ச வேண்டா. எல்லோரிடமும் கேட்பதே முறை. 'மனசு பாரமாக இருக்கிறது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். "முதலில் உங்கள் மொழியில் சொல்லுங்கள், பிறகு பொருளைப் பார்ப்போம்" என்றார் அவர். அந்தச் சொல்லிலேயே பாதிப் பாரம் இறங்கிற்று.

பிறகு குருதிச் சோதனை. தைராய்டுக் குறையும் பி12 வைட்டமின் குறையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டக்கூடும். எனக்கு பி12 குறைந்திருந்தது. சைவ உணவினர் பலரிடம் இக்குறை காணப்படும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். "வேறு மருந்து ஏதேனும் உண்கிறீர்களா?" என்று கேட்டபோது இல்லை என்றேன். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய அமுக்கராச் சூரணத்தை நாள்தோறும் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தேன். அது மருந்தென்றே எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை வாய் தவறிச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அமுக்கரா தைராய்டுச் சுரப்பை மாற்றலாம், உறக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை மிகுவிக்கலாம் என்று விளக்கினார். வேதியியல் பயிலும் எனக்கு நாணமாயிற்று. சர்ப்பகந்தா என்னும் நம் நாட்டு வேரிலிருந்து 1952இல் ரிசர்பின் பிரிக்கப்பட்டதும், மன நோய்க்கும் குருதி அழுத்தத்துக்கும் அது உலகெங்கும் வழங்கியதும் பாடத்தில் படித்தவையே. வேரிலும் வேதிப்பொருளே இருக்கிறது. ஆகவே, மருத்துவரிடம் எதனையும் மறைக்கலாகாது.

சொல்வது வெளியே போகுமோ என்ற அச்சமும் வேண்டா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காக்கும் உரிமையை அளிக்கிறது. விதிவிலக்குகள் சிலவே. எனக்கு அமைந்த திட்டம் உறங்கும் நேர ஒழுங்கு, மாலை நடை, மூச்சுப் பயிற்சி, உளவியலாளரோடு உரையாடல், சிறிதளவு மாத்திரை என்பது. மனச்சோர்வு மாத்திரைகள் பயன்தரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் பயனில்லை என்று நிறுத்துவதும், நலமானதும் தாமாகவே நிறுத்துவதும் தீங்கு.

நான்காவது கூறு இன்னும் எஞ்சியுள்ளது. முதல் நாள் என்னோடு வந்து, வெளியே விசிப்பலகையில் காத்திருந்தவன் என் அறைத்தோழன். அவன் தெலுங்கன், என் தமிழ் அவனுக்குப் புரியாது. திரும்பும் வழியில் ஒன்றும் கேட்காமல் தேநீர் வாங்கித் தந்தான். அவன் வந்திராவிடில் நான் வாயிலோடு திரும்பியிருப்பேன்.

எவரும் உடனில்லாத இரவில், 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416 உண்டு. தமிழிலும் பேசலாம். ஆயினும், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் உறங்காது புரள்வதைக் கண்டால், எண்ணைத் தருவதோடு நில்லாமல் உடன் செல்லுங்கள்.