கழிவுக் குழாயில் வருவதுதான் சீனி

சமையலறைத் தொட்டிக்குக் கீழே பூட்டியிருக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) இயந்திரத்திலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வரும். ஒன்றில் குடிதண்ணீர். மற்றதில் கழிவு; அது நேரே வடிகாலுக்குப் போய்விடும். மேப்பிள் பாணி காய்ச்ச அதே இயந்திரத்தை வாங்குகிறவருக்கு எல்லாம் தலைகீழ். அவருக்கு வேண்டியது கழிவுக் குழாயில் வருவதுதான். ஒன்ராறியோவில் ஒரு மார்ச் மாதம், நண்பரின் வீட்டில் முதன்முதலாக இதை ஓட்டிப் பார்த்தபோது, பழக்கதோஷத்தில் கழிவுக் குழாயைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டோம். பத்து நிமிடம் கழித்து அவருடைய மகள்தான் கத்தினாள்: "அப்பா, சீனியெல்லாம் பனிக்குள்ள போகுது!"

அன்று போனது இரண்டு லீட்டர் சாறு. ஆனால் அந்தத் தவறு எனக்கு ஒன்றை விளங்கப்படுத்தியது. இந்தக் கருவியின் வடிவமைப்பு, சான்றிதழ், உத்தரவாதம் எல்லாமே குடிதண்ணீர் வரும் பக்கத்தைப் பற்றியவை. நாம் சாப்பிடப் போவதோ மற்றப் பக்கத்தில் வருவதை. அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு?

முதலில், ஏன் இந்தப் பாடு? கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மேப்பிள் சாறு பெரிய ஏமாற்றம். கருப்பநீரில் சீனி 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மேப்பிளில் 2 விழுக்காடு இருந்தாலே நல்ல மரம். நாக்கில் வைத்தால் லேசாக இனித்த தண்ணீர், அவ்வளவுதான். வெர்மான்ட் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: 86-ஐச் சாற்றின் சீனி விழுக்காட்டால் வகுத்தால், ஒரு லீட்டர் பாணிக்கு எத்தனை லீட்டர் சாறு வேண்டும் என்பது கிடைக்கும். 2 விழுக்காட்டுக்கு 43 லீட்டர். அதாவது 42 லீட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். காய்ச்சும் முன்பே ஆர்.ஓ. மூலம் பாதித் தண்ணீரைப் பிரித்துவிட்டால் சாறு 4 விழுக்காடு ஆகிவிடும். விறகும் நேரமும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இதில் கலப்படம் எதுவும் இல்லை. எடுப்பது தண்ணீரை மட்டும்தான். பெரிய உற்பத்தியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வதும் இதுவே.

வீட்டில் கட்டுவதும் கடினமில்லை. 24 வோல்ட் சிறு பம்பு, 5 மைக்ரான் வண்டல் வடிகட்டி, தண்ணீரைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் ஒன்றோ இரண்டோ, அழுத்தமானி, செறிந்த சாறு வெளிவரும் குழாயில் ஒரு ஊசி வால்வு. குடிதண்ணீர்க் கருவியோடு வரும் கரி வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். அது சாற்றின் சுவையைப் பிடித்துக்கொள்ளும். புது மெம்பிரேனில் கெடாமலிருக்க ஊற்றிய மருந்து இருக்கும் என்பதால் நன்றாகத் தண்ணீர் ஓட்டிக் கழுவிய பிறகே சாற்றை விட வேண்டும்.

விளம்பரங்கள் மிகைப்படுத்துவது வேகத்தை. "ஒரு நாளைக்கு 150 கலன்" என்று மெம்பிரேனில் எழுதியிருப்பது 25 பாகை வெப்பத்தில், குழாய்த் தண்ணீருக்கான அளவு. மார்ச் மாதச் சாறு 4 பாகையில் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் தடித்து நகர்வதால், சொன்னதில் பாதி வந்தாலே பெரிது. சீனியும் எதிர்த்துத் தள்ளும். 2 விழுக்காட்டுச் சாற்றின் சவ்வூடு அழுத்தம் ஏறக்குறைய 20 பி.எஸ்.ஐ.; 8 விழுக்காட்டுக்கு வந்தால் அது 80-ஐத் தொடும். உங்கள் பம்பு தருவதும் அதே 80 என்றால், அதற்கு மேல் எத்தனை முறை சுற்ற விட்டாலும் சாறு கெட்டிப்படாது. "20 விழுக்காடு வரை" என்று யாராவது இந்தச் சின்னப் பம்பை விற்றால், அவர் இயற்பியலை மீறியே விற்கிறார்.

வேகம் வரவில்லையே என்று ஊசி வால்வை முழுக்க மூடுவதுதான் அடுத்த ஆபத்து. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பிளாஸ்டிக் கூடு விரிசல் விடும். பக்கத்தில் மின்சாரமும் இருக்கும். கூட்டில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். அடாப்டரைத் தரையில் வைக்காமல் உயரத்தில் மாட்டி, மின்கசிவில் தானே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. உள்ள மின் சாக்கெட்டில் மட்டும் இணைக்க வேண்டும்.

பிறகு ஈயம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மெம்பிரேன் ஈயத்தைத் தடுக்கிறது என்பதால்தான் குடிதண்ணீருக்கு அதை நம்புகிறோம். தடுக்கப்பட்ட ஈயம் எங்கே போகிறது? கழிவுக் குழாய்க்கு. அந்தக் கழிவுதான் நம் பாணி! பழைய நாகம் பூசிய வாளி, ஈயப் பற்றாசு வைத்த தட்டு, குறியீடு எதுவும் இல்லாத பித்தளை இணைப்பு என எதிலிருந்து ஈயம் கசிந்தாலும், 43 லீட்டரில் பரவியிருந்ததில் பெரும்பகுதி ஒரு லீட்டருக்குள் வந்து உட்காரும். குடிதண்ணீருக்குக் காவல் நிற்கும் சவ்வு இங்கே நஞ்சைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே உணவுத் தரப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு தவிர வேறெதுவும் சாற்றைத் தொடக்கூடாது. முன்பு இரசாயனம் இருந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

இரவுக் குளிர் இன்னொரு எதிரி. இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மரம் சாறு விடும். அதே உறைவு மெம்பிரேனைக் கிழித்துவிடும். கிழிந்தது வெளியே தெரியாது. மறுநாள் பிரிந்து வரும் வெறுந்தண்ணீரில் ஒரு கரண்டியை வாயில் விட்டுப் பாருங்கள். இனித்தால் சீனி அந்த வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செறிவாக்கிய சாறு சாதாரணச் சாற்றைவிடச் சீக்கிரம் புளிக்கும். அன்றே காய்ச்சிவிட வேண்டும். புரொப்பேன் அடுப்பைக் கராஜுக்குள் மட்டும் பற்ற வைக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைட் தேங்கும்.

இனிச் சட்டம். என் அனுபவத்தையே சொல்கிறேன். இணையத்தில் "மேப்பிள் சாற்றுக்கானது" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கருவி வாங்கினேன். வந்ததில் கரி வடிகட்டி இருந்தது, குறியீடற்ற பித்தளை இணைப்புகள் இருந்தன. கேட்டால், "இது தண்ணீருக்கானது, சாற்றுக்கு ஓட்டினால் உத்தரவாதம் இல்லை" என்று பதில். என்னைக் காப்பாற்றியது விளம்பரத்தை அன்றே படம் பிடித்து வைத்திருந்ததுதான். ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டப்படி, நோக்கத்தை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, "உத்தரவாதம் எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு இந்த உரிமையைப் பறிக்க முடியாது. விளம்பரம் பொய்யென்றால் ஓராண்டுக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். 15 நாளில் பணம் திரும்பாவிட்டால் கடனட்டை நிறுவனத்திடம் கட்டணத்தை மீட்கக் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மாறாக, நோக்கத்தை யாரிடமும் சொல்லாமல் சமையலறைக் கருவியை வாங்கி நீங்களே பிரித்து மாட்டினால், கழிவுக் குழாய்ப் பக்கத்துக்கு நீங்களே பொறுப்பு. வாங்கும் முன் "இதைச் சாற்றுக்குப் பயன்படுத்தலாமா, சாறு தொடும் பாகங்கள் உணவுத் தரமா?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

மரமும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ரொறன்ரோவில் வீட்டு முன்வாசலில் நிற்கும் மரம் பல இடங்களில் நகராட்சியின் தெருவோர நிலத்தில் நிற்பது. அதைக் காயப்படுத்துவது குற்றம். தனியார் நிலத்திலும் 30 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரங்களுக்கு நகராட்சி விதி உண்டு. துளை போடும் முன் 311-ஐ அழைத்துக் கேட்பது மலிவான வழி. இரு காணிகளின் எல்லையில் நிற்கும் மரம் ஒன்ராறியோ வனச் சட்டப்படி இருவருக்கும் பொது. அயலவரின் சம்மதமின்றித் துளையிட முடியாது.

வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம். விற்பதென்றால் கதை வேறு: பாணியில் கரைந்த சீனி குறைந்தது 66 விழுக்காடு இருக்க வேண்டும், தர வகை, முகவரி எல்லாம் லேபிளில் வேண்டும், வேறு மாகாணத்துக்கு அனுப்ப மத்திய உரிமம் வேண்டும். கியூபெக்கில் மொத்த விற்பனைக்குக் கோட்டாவும் உண்டு.

பருவம் முடிந்ததும் மெம்பிரேனைப் பிளீச்சால் கழுவ வேண்டாம். குளோரின் அதைத் தின்றுவிடும். கருவி பிரித்த வெறுந்தண்ணீரில் சிறிது சேமித்து, அதையே ஓட்டிக் கழுவி, அதிலேயே ஊற வைத்து, மூடிய புட்டியில் குளிர்சாதனப் பெட்டியின் உறையாத தட்டில் வையுங்கள். மேலே "குடிக்கிற தண்ணீர் இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நண்பர் வீட்டில் அதை எழுதி ஒட்டியதும் அந்த மகள்தான்.